வீடு தேடிச் சென்ற விளக்கு

முதுமை எவருக்கும் விலக்கில்லாத பருவம். கண் மங்கி, காது மந்தமாகி, கால் தள்ளாடும் காலத்திலும் மனிதன் இறுதிவரை பற்றிக்கொண்டிருக்க விரும்புவது தான் வாழ்ந்த வீட்டைத்தான். தன் பாயில் படுத்து, தன் குடத்து நீரைக் குடித்து, தெருவில் போவோர் வருவோரைத் திண்ணையிலிருந்து விசாரித்துக்கொண்டு இருப்பதில் ஒரு நிறைவு உண்டு. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் முன்னோர் கூறியது இதனை உணர்ந்துதான். ஆனால் அந்தத் தனி வளையில் ஒருவர் தாமாக எழுந்து நடமாட இயலாத நிலை வந்தால் என் செய்வது? பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது பழைய விடை. பிள்ளையில்லாதார்க்கும், பிள்ளைகள் பிழைப்புத் தேடித் தொலைதூரம் சென்றுவிட்டார்க்கும் அந்த விடை போதாது. அரசே தன் செலவில் உதவியாளரை அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது புதிய விடை.

இந்தப் புதிய விடையின் வேரைத் தேடிச் சென்றபோது, நாம் அனைவரும் பள்ளிப் பாடத்தில் சந்தித்த ஒருவரையே நான் கண்டேன். அவர்தாம் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். போர்க்கள மருத்துவமனையில் கையில் விளக்குடன் நிற்கும் அவரது உருவம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. அந்த விளக்கு பின்னர் ஏழைகளின் வீட்டு வாயிலை நோக்கித் திரும்பிய வரலாறோ பலர் அறியாதது. அவ்வரலாற்றையே இக்கட்டுரையில் கூற விழைகின்றேன்.

செல்வ மாளிகையில் ஒரு செவிலி

1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். தந்தை வில்லியம் நைட்டிங்கேல் பெருநிலக்கிழார். இங்கிலாந்தில் அவருக்கு இரண்டு மாளிகைகள் இருந்தன. கோடைக்கு டெர்பிஷயரில் லீ ஹர்ஸ்ட். மற்றக் காலத்துக்கு ஹாம்ப்ஷயரில் எம்ப்ளி. தந்தையே மகளுக்கு இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். மகளின் மனமோ மாளிகைக்கு வெளியே இருந்த குடிசைகளில் நின்றது. சிற்றூர் ஏழைகள் நோயுற்றால் அவர்கள் வீட்டுக்கே சென்று பணிவிடை செய்வதில் இளமையிலேயே அவருக்கு நாட்டமிருந்தது. 1845இல் தம் குடும்பத்து முதியோருக்கு நோய்ப் பணிவிடை செய்யும் வாய்ப்பும் கிடைத்தது. ஆக, அவர் செவிலிப் பணியை முதன்முதல் கற்ற இடம் வீடே என்று கொள்வதில் தவறில்லை.

அதே ஆண்டில் மருத்துவமனைக்குச் சென்று முறையாகப் பயில விரும்பினார். பெற்றோர் அதிர்ந்தனர். அக்காலத்தில் செவிலி என்றால் குடிப்பழக்கமுள்ள, கல்வியறிவற்ற பெண் என்ற எண்ணமே மேற்குடியினரிடம் நிலவியது. ஆறாண்டுகள் போராடிய பின்னர் 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் சில மாதப் பயிற்சி பெற்றார். 1853இல் இலண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற மகளிர்க்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் தலைவியானார். அப்போது அவருக்கு வயது 33. தந்தை ஆண்டுக்கு 500 பவுன் படியளித்தார்.

போர்க்களம் புகட்டிய பாடம்

1854 அக்டோபரில், 38 பெண்களுடன் துருக்கி நாட்டு ஸ்குட்டாரிப் படை மருத்துவமனைக்கு அவர் புறப்பட்டார். கிரிமியப் போரின் கதையை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. நம் பொருளுக்கு வேண்டிய செய்தி ஒன்றே ஒன்றுதான். 1855 பிப்ரவரியில் ஸ்குட்டாரிக்கு வந்த நோயாளரில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச்சு மாதம் சுகாதாரக் குழு வந்து கட்டடத்தின் கீழிருந்த சாக்கடைகளைத் துப்புரவு செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தது. அதன் பின்னர்ச் சாவு வேகமாகக் குறைந்தது. நாடு திரும்பியபின் கணக்குகளைக் கூட்டிப் பார்த்த அம்மையார், வீரர்களைக் கொன்றது பகைவர் குண்டைவிட மருத்துவமனையின் அழுக்கே என்று உணர்ந்தார். நோயாளியை ஒரு பெரிய கட்டடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்ற நம்பிக்கை அவரிடம் அன்றே தகர்ந்தது.

1859 இறுதியில் அவர் வெளியிட்ட செவிலிப்பணி பற்றிய குறிப்புகள் நூலும் மருத்துவமனைக்கென எழுதப்பட்டதன்று. வீட்டில் பிள்ளையையோ பெற்றோரையோ பேணும் சாதாரணப் பெண்களுக்கென எழுதப்பட்டது. தூய காற்று, தூய நீர், வெளிச்சம், அமைதி, நேரத்துக்கு உணவு ஆகியவையே அதன் சாரம்.

நோயாளியாய் அரை நூற்றாண்டு

போர்க்களத்தில் அவர் பெற்ற பரிசு புகழ் மட்டுமன்று. 1855 மே மாதம் பலக்கிளாவாவில் அவரைக் கடுங்காய்ச்சல் பற்றியது. அது புருசெல்லோசிஸ் என்னும் நோயாகலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 1857 முதல் பல்லாண்டுகள் அவர் படுக்கையிலும் சாய்விருக்கையிலுமே வாழ்ந்தார். முதுகெலும்பு வலியும், நெஞ்சுப் படபடப்பும், களைப்பும் அவரை விட்டகலவில்லை. 1865இல் இலண்டன் சவுத் தெருவில் தந்தை அவருக்கென ஒரு வீடு பிடித்துக் கொடுத்தார். இறுதி மூச்சுவரை, நாற்பத்தைந்து ஆண்டுகள், அதுவே அவர் இல்லம்.

அந்த வீட்டில் அவர் வாழ்ந்த வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். எழுந்து நடக்க இயலாத ஒரு பெண், படுக்கையில் கிடந்தபடியே படைத்துறைச் சீர்திருத்தத்துக்கும், மருத்துவமனைக் கட்டட அமைப்புக்கும், இந்திய நாட்டுச் சுகாதாரத்துக்கும் ஆயிரக்கணக்கான கடிதங்களும் அறிக்கைகளும் எழுதினார். அமைச்சர்கள் முன்கூட்டியே நேரம் கேட்டு வந்து பார்த்தனர். எவரைக் காண்பது, எப்போது காண்பது, என்ன உண்பது என்பனவெல்லாம் அவர் விருப்பப்படியே நடந்தன. நோய் அவர் உடலைக் கட்டியது, உரிமையைக் கட்டவில்லை. இது எங்ஙனம் இயன்றது? சமைக்க ஆள் இருந்தது. தூக்கிவிட, துவைக்க, கடிதம் கொண்டுசெல்ல ஆட்கள் இருந்தனர். அதற்கு வேண்டிய பணமும் இருந்தது. பணமின்றி அதே நோயோடு அதே இலண்டனில் கிடந்த ஒரு கிழவியின் கதி யாது? இந்த வினாவே இக்கட்டுரையின் உயிர்நாடி.

ஏழை விடுதியின் அவலம்

அக்கிழவிக்கு அந்நாட்டுச் சட்டம் வகுத்திருந்த வழி, ஒர்க்ஹவுஸ் என்னும் ஏழை விடுதி. 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின் நோக்கம், விடுதி வாழ்க்கை வெளியே உழைக்கும் மிக ஏழையின் வாழ்க்கையினும் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது. சோம்பேறிகளை விரட்ட வகுத்த அந்த விதி, தள்ளாத முதியோரையும் தாக்கியது. ஆடவர் ஒருபுறம், பெண்டிர் ஒருபுறம். ஐம்பதாண்டு ஒன்றாக வாழ்ந்த கணவனும் மனைவியும்கூட வாயிலில் பிரிக்கப்பட்டனர். அறுபது வயது கடந்த தம்பதியர் விரும்பினால் பிரிக்கலாகாது என்ற விதி 1847இல்தான் வந்தது. விடுதி மருத்துவக் கூடங்களில் நோயாளரைக் கவனித்தவர்கள் பயிற்சியற்ற பிற விடுதிவாசிகளே.

1864 டிசம்பரில், இலண்டன் ஹோல்பர்ன் விடுதியில் கவனிப்பாரற்றுக் கிடந்த திமத்தி டேலி என்ற ஐரிஷ் தொழிலாளி இறந்தார். செய்தித்தாள்கள் கொதித்தெழுந்தன. அம்மையார் இவ்வாய்ப்பை நழுவவிடவில்லை. வறியோர் சட்ட வாரியத் தலைவர் வில்லியர்சுக்கு உடனே எழுதினார். பிச்சைக்காரர் என்ற பட்டத்தை நோயாளிக்குச் சூட்டலாகாது. நோயாளி, மனநோயாளி, தீரா நோயுற்றோர், குழந்தைகள் ஆகியோரைத் தனித்தனியே பேண வேண்டும். அச்செலவை ஒவ்வொரு சிறு வட்டாரமும் தனியே சுமக்காமல் மாநகர் முழுவதற்குமான பொது வரியிலிருந்து அளிக்க வேண்டும் என்பன அவர் கோரிக்கைகள். 1867ஆம் ஆண்டு மாநகர வறியோர் சட்டம் இவற்றில் ஒரு பகுதியையே நிறைவேற்றியது. எனினும் ஏழை நோயாளியைப் பேணும் செலவைப் பொதுப்பணம் பகிர்ந்து சுமக்கலாம் என்ற கருத்து சட்டத்தில் கால் ஊன்றிவிட்டது.

இல்லந்தோறும் செவிலி

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வேறொரு கதவும் திறந்திருந்தது. லிவர்பூல் நகர வணிகர் வில்லியம் ராத்போன் 1859இல் தம் மனைவியை இழந்தார். மனைவியின் இறுதிக் காலத்தில் வீட்டிலிருந்து பேணியவர் மேரி ராபின்சன் என்ற செவிலி. எல்லா வசதியும் உள்ள தம் வீட்டிலேயே ஒரு செவிலியின் வரவு இத்துணை ஆறுதல் தந்ததெனின், ஒன்றுமில்லாத ஏழை வீட்டில் எத்துணை பயன் தரும் என்று ராத்போன் எண்ணினார். மேரி ராபின்சனை மூன்று மாதத்துக்கு அமர்த்தி ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். ஒரே மாதத்தில் அப்பெண் கண்ணீருடன் திரும்பி வந்தார். அவ்வறுமையைக் காணும் வலிமை தமக்கில்லை என்றார். ராத்போன் தேற்றி அனுப்பினார். மூன்று மாதம் முடிந்தபோது அப்பணியை விட அவருக்கு மனமில்லை.

இத்தகையோர் இன்னும் பலர் வேண்டும் என்று தேடியபோது, பயிற்சி பெற்ற செவிலியர் கிடைக்கவில்லை. 1861இல் ராத்போன் அம்மையாரை நாடினார். செவிலியரை லிவர்பூலிலேயே பயிற்றுவிக்குமாறு அம்மையார் வழிகாட்டினார். அவ்வாறே அந்நகரின் ராயல் மருத்துவமனையை ஒட்டிப் பயிற்சிப் பள்ளி எழுந்தது. நகரம் 18 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, அங்கெல்லாம் செவிலியர் வீடு வீடாகச் சென்றனர். 1865இல் அதே நகரின் பிரவுன்லோ ஹில் ஏழை விடுதிக்கு, இலண்டனில் பயின்ற பன்னிரு செவிலியருடன் ஆக்னஸ் ஜோன்ஸ் சென்றார். முதலில் செலவை ராத்போன் ஏற்றார்; பின்னர் நகர நிர்வாகமே ஏற்றது. ஆக்னஸ் ஜோன்ஸ் 1868இல், 35 வயதில், நச்சுக் காய்ச்சலுக்கு இரையானார்.

1867இல் அம்மையார் தம் உறவினர் ஹென்றி போன்ஹாம் கார்ட்டருக்கு எழுதிய கடிதம் வியப்புக்குரியது. செவிலிப் பணியின் இறுதி இலக்கு நோயாளியை அவரவர் வீட்டிலேயே பேணுவதுதான் என்றும், மருத்துவமனைகளும் விடுதி மருத்துவக் கூடங்களும் ஒருநாள் இல்லாதொழிய வேண்டும் என்றும் அதில் அவர் தெரிவித்தார். ஆனால் 2000ஆம் ஆண்டைப் பற்றி இப்போது பேசிப் பயனில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். மருத்துவமனையின் அன்னை என்று உலகம் போற்றியவரின் உள்ளக்கிடக்கை இது!

1874இல் இலண்டனில் வீட்டுச் செவிலியர் சங்கம் தோன்றியது. பிளாரன்ஸ் லீஸ் என்ற அவர்தம் மாணவி அதன் தலைமைப் பொறுப்பேற்றார். 1876இல் டைம்ஸ் நாளிதழில் அம்மையார் இச்சங்கத்துக்காக எழுதினார். அவர் வகுத்த நெறி எளியது. வீடு செல்லும் செவிலி நோயாளியை மட்டும் பேணினால் போதாது. அறையையும் பேண வேண்டும். தரையைப் பெருக்கி, சாளரத்தைத் திறந்து, பாத்திரத்தைத் துலக்கி, அவ்வீட்டாருக்கும் அதனைக் கற்பிக்க வேண்டும். கழிவுநீர்க் கேடு இருந்தால் உரிய அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். பணமோ உணவோ தானமாக வழங்குவது அவள் வேலையன்று. அது வேறு அமைப்பின் கடமை. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஏழை கையேந்தி நிற்பவராக ஆகிவிடாமல், மீண்டும் தம் காலில் நிற்பவராக வேண்டும் என்பதே அதன் நோக்கம். நோயாளி விடுதிக்குப் போனால் தட்டுமுட்டுச் சாமான்கள் விற்கப்படும்; குடும்பம் சிதறும்; பின்னர் அவ்வீடு வீடாவதே இல்லை. செவிலி வந்தால் வீடு வீடாகவே நிலைக்கும். இதுவே அவர் வாதம்.

அன்னை இழந்த வீடு

1874 ஜனவரியில் தந்தை மறைந்தார். அவருக்கு ஆண் வாரிசு இல்லாமையால் எம்ப்ளி மாளிகை உரிமைப்படி அத்தையின் குடும்பத்துக்குப் போயிற்று. அன்னைக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல். பார்வையும் நினைவும் தேய்ந்துவிட்டன. வாழ்நாளெல்லாம் ஆட்சி புரிந்த வீட்டைவிட்டு அந்த மூதாட்டி வெளியேற நேர்ந்தது. அம்மையார் தம் பணிகளுக்கு இடையே ஆண்டுதோறும் சில மாதங்கள் அன்னையை லீ ஹர்ஸ்ட் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உடனிருந்தார். இளமையில் தம்மைத் தடுத்த தாய்க்கு, தாமே நோயாளியாக இருந்தபடி பணிவிடை செய்தார். அது அவருக்கு எளிதாக இல்லை. பணிகள் தடைப்பட்டதை எண்ணிப் பலகால் வருந்தினார். 1880 பிப்ரவரியில் அன்னை மறைந்தார். அந்நாட்களிலும் அதன் பின்னரும் லீ ஹர்ஸ்டைச் சூழ்ந்த சிற்றூர் ஏழைகளின் மருத்துவச் செலவைத் தம் கையிலிருந்தே கொடுத்துவந்தார்.

ஒரு முதியவரை வீட்டில் பேணுவது எத்துணைச் சுமை என்பதை இங்ஙனம் அவர் இரு பக்கமும் நின்று அறிந்தார். பேணப்படுபவராகவும் இருந்தார், பேணுபவராகவும் இருந்தார். அன்பு ஒன்றே போதும், ஆளும் பொருளும் வேண்டா என்று எவரேனும் கூறினால், அம்மையாரின் இந்த ஆறாண்டுகளே அதற்கு மறுமொழி.

அரசின் பணம் வாயிலுக்கு வந்தது

1887இல் விக்டோரியா அரசியின் பொன்விழாவுக்கு நாட்டுப் பெண்கள் திரட்டிய நிதியில் 70,000 பவுனை, ஏழைகளின் வீட்டுச் செவிலிப் பணிக்கென அரசி ஒதுக்கினார். 1889இல் அந்த நிறுவனம் அரச சாசனம் பெற்றது. எச்சமயத்தார்க்கும் பணிபுரிய வேண்டும், எவர் சமயத்திலும் தலையிடலாகாது என்பது அதன் விதி. எனினும் இது நன்கொடைப் பணமே. வரிப்பணம் வீட்டு வாயிலுக்கு வந்தது 1892இல், பக்கிங்ஹாம்ஷயரில். அம்மையாரின் தூண்டுதலால் அம்மாவட்ட மன்றம், சிற்றூர்ப் பெண்களுக்கு வீடு தேடிச் சென்று நலவாழ்வு கற்பிக்கும் நலத் தூதுவரைப் பயிற்றுவிக்கச் செலவிட்டது. 1896இல், தாம் ஒருபோதும் கண்டிராத இந்திய நாட்டின் சிற்றூர்களுக்கும் இத்தகைய நலத் தூதுவர் வேண்டும் என்று அம்மையார் எழுதினார்.

அவர் கருத்துகள் அனைத்தும் பிழையற்றவை என்று நான் கூறவரவில்லை. செவிலியர்க்குத் தேர்வு வைத்துப் பதிவு செய்யும் சட்டத்தை அவர் எதிர்த்தார். கிருமிக் கொள்கையை ஏற்கவும் காலம் எடுத்துக்கொண்டார். வீட்டுச் செவிலிப் பணி முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்ற எல்லைவரை அவர் சென்றாரில்லை. ஆனால் அவர் இட்ட பாதை அங்கேதான் கொண்டு சேர்த்தது.

1901 அளவில் அவர் பார்வை முற்றும் மங்கியது. நினைவும் மெல்ல மெல்லத் தேய்ந்தது. 1907இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயர் விருது, பெண்களில் முதன்முதலாக அவருக்கு, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. 1910 ஆகஸ்ட் 13ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், தம் வீட்டில், தம் அறையில் அவர் கண்மூடினார். வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் அடக்கம் செய்ய முன்வந்ததை உறவினர் ஏற்கவில்லை. எம்ப்ளிக்கு அருகில் கிழக்கு வெல்லோ சிற்றூர்க் கல்லறையில், பெற்றோருக்கருகே துயில்கின்றார்.

விதை மரமானது

அவர் மறைவதற்கு முந்திய ஆண்டு, 1909 ஜனவரி முதல் நாள், பிரிட்டனில் எழுபது வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை முதியோர் ஓய்வூதியம் முதன்முதலாக வழங்கப்பட்டது. விடுதிக்குப் போகாமல் வீட்டில் கஞ்சி காய்ச்சிக் குடிக்க அது துணையாயிற்று. 1946ஆம் ஆண்டு தேசிய நலப்பணிச் சட்டப்படி, 1948 ஜூலை 5 முதல் வீட்டுச் செவிலிப் பணி உள்ளாட்சி மன்றங்களின் கடமையாயிற்று. அதே நாளில் பழைய வறியோர் சட்டமும் மடிந்தது. சமைக்கவும் துடைக்கவும் கடைக்குப் போகவும் வீட்டுதவியாளரை ஏற்பாடு செய்வதும் கடமையே என்று 1968இல் சட்டம் இயற்றப்பட்டு, 1971இல் நடைமுறைக்கு வந்தது. 2002 ஜூலை முதல் நாளிலிருந்து ஸ்காட்லாந்தில் 65 வயது கடந்தோர்க்கு, குளிப்பாட்டல், உடுத்தல், உணவூட்டல் போன்ற உதவிகள் வீட்டிலேயே கட்டணமின்றிக் கிடைக்கலாயின. பேசிப் பயனில்லை என்று அம்மையார் ஒதுக்கிவைத்த 2000ஆம் ஆண்டுக்கு இரண்டே ஆண்டுகள் பின்னர்!

நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரைகளும், இயன்முறை மருத்துவமும், படுத்த படுக்கையானோர்க்கு வலி தணிக்கும் பணிவிடையும் வீட்டுக்கே செல்வது அதன் ஏற்பாடு. பை நிறைய மருந்துடன் ஊர்த் தெருவில் நடக்கும் பெண் பணியாளரைக் காணும்போது, 1896இல் எழுதப்பட்ட நலத் தூதுவர் கனவு எனக்கு நினைவுக்கு வருகின்றது.

ஆயினும் மாத்திரை வாயிலுக்கு வருவது தொடக்கமே. அடுப்பு மூட்ட, குளிக்க, படி இறங்க ஒரு கை தேவைப்படும் முதியோர்க்கு அந்தக் கையும் வாயிலுக்கு வர வேண்டும். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நோயுற்றும் தம் வீட்டில் தம் விருப்பப்படி நாற்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். செல்வம் அவருக்கு அளித்த அந்த வாழ்வைச் செல்வமில்லாதார்க்கு அரசு அளிக்க வேண்டும். தேர்வு எழுதி நாளை அலுவலராகவும் ஆசிரியராகவும் செவிலியராகவும் சட்டமன்றத்தினராகவும் ஆகப் போகும் நாம், நம் தெருக்கோடியில் தனித்து வாழும் பாட்டியின் வீட்டுக் கதவை மனத்திற்கொண்டு அப்பணிகளை ஏற்போமாக.